ஆகாசவாணியின் தமிழ்ப் பேச்சு நிகழ்ச்சிகள்: எதற்காகக் கேட்கலாம், எந்த அலையில் கேட்கலாம்

வானொலி என்றால் பாட்டு என்று ஆகிவிட்ட இந்தக் காலத்திலும், ஒருவர் ஒரே பொருளைப் பற்றி எழுதித் தயாரித்துக்கொண்டு வந்து பத்து நிமிடம் பேசுவதை நாள்தோறும் தமிழில் கேட்க ஓர் இடம் இருக்கிறது. ஆகாசவாணியின் சென்னை, திருச்சி, மதுரை, கோவை, திருநெல்வேலி நிலையங்களின் முதன்மை அலைவரிசைதான் அது. இலக்கிய உரை, பருவத்துக்கேற்ற வேளாண் செய்தி, அறிவியல், தாய்சேய் நலம், சிறுவர் நிகழ்ச்சி என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ் வருகின்றன. சந்தா கிடையாது, பதிவு செய்ய வேண்டியதில்லை, பேட்டரி இருந்தால் போதும்.

பாட்டு நிகழ்ச்சிகளை இங்கே தொடவில்லை. பேச்சு நிகழ்ச்சிகளைப் பற்றிய முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இலக்கியமும் பருவகாலச் செய்தியும் நேரம் ஒதுக்கிக் கேட்கத் தக்கவை. குழந்தை நல நிகழ்ச்சிகள் யார் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்து மிக நன்றாகவும் இருக்கும், வெறும் அறிவுரையாகவும் போகும். தொழில்நுட்பம் நான்கிலும் பின்தங்கியது. ஆனால் இவற்றில் நல்லவைகூடப் பெரும்பாலானோர் காதுக்குப் போய்ச் சேராமல் போவதற்குத் தரம் காரணமல்ல. அவை வரும் அலையை மக்கள் திருப்புவதில்லை. வரும் நேரம் முன்கூட்டித் தெரிவதில்லை. ஆகவே அலையிலிருந்து தொடங்குவதே சரி.

சென்னை 720 கிலோஹெர்ட்ஸ், திருச்சி 936, கோவை 999, திருநெல்வேலி 1197, மதுரை 1269. இவை மத்திய அலை எண்கள். கைப்பேசியில் இருக்கும் எஃப்.எம். வானொலியில் இவை வரவே வராது. "ரேடியோவில் நல்ல பேச்சே இல்லை" என்று சொல்பவர்களில் பலர் பண்பலைப் பட்டையை மட்டும் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தவர்கள். கடைக்குப் போய் ரேடியோ வாங்கும்போது 'எம்.டபிள்யூ' என்றோ 'ஏ.எம்.' என்றோ பட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மெமரி கார்டும் புளூடூத்தும் போட்டு விற்கும் மலிவு ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் பண்பலை மட்டுமே இருக்கும்.

எண்காட்டி உள்ள டிஜிட்டல் செட் வாங்கினால் இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தியாவில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. அமெரிக்காவில் அது 10. செட் 10-இல் வைக்கப்பட்டிருந்தால் சென்னை 720 மட்டும் சரியாக விழும், ஏனென்றால் 720 இரண்டாலும் வகுபடும். திருச்சியைத் தேடினால் 940-இல் போய் நிற்கும். 936-க்கு 4 கிலோஹெர்ட்ஸ் தள்ளி. குரல் மூக்கால் பேசுவதுபோல, ஓரம் சிதைந்து கேட்கும். செட் கோளாறு என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கோளாறு ஒன்றுமில்லை. செட்டை அணைத்துவிட்டு ஒரு பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் 9/10 மாறும்படி பல செட்டுகளில் வசதி இருக்கிறது. எந்தப் பொத்தான் என்பது கூடவே வரும் தாளில் இருக்கும். முள் நகரும் பழைய வகைச் செட்டுகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

அடுத்து வைக்கும் இடம். மத்திய அலைக்கு அந்த நீட்டு கம்பி எதுவும் செய்யாது. அதை எவ்வளவு இழுத்தாலும் ஒன்றுதான். அது பண்பலைக்கும் சிற்றலைக்கும் உரியது. மத்திய அலையை வாங்குவது பெட்டிக்குள் கிடக்கும் ஒரு கரிய ஃபெரைட் தண்டு. பென்சில் பருமன் இருக்கும், அதன்மேல் மெல்லிய செம்புக் கம்பி நெருக்கமாகச் சுற்றியிருக்கும். பெரும்பாலும் பெட்டியின் நீளவாக்கில், மேல்பக்கம் படுத்திருக்கும். இந்தத் தண்டின் பக்கவாட்டு நிலையத்தை நோக்கி இருந்தால் ஒலி முழுசாக வரும். முனை நோக்கினால் மங்கிப்போகும். தஞ்சாவூரில் திருச்சியைக் கேட்பவருக்கு நிலையம் மேற்கே இருக்கிறது. ரேடியோவின் முகமோ முதுகோ மேற்கைப் பார்த்தால் சரி, இரண்டும் ஒன்றே. வடக்கையோ தெற்கையோ பார்த்தபடி அலமாரியில் வைத்திருந்தால் தண்டின் முனை நிலையத்தை நோக்கிவிடும். நிலையம் போய்விட்டதோ என்று தோன்றும். செட்டைக் கையில் பிடித்து மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். இரண்டு இடத்தில் உரக்கவும் இரண்டு இடத்தில் மங்கியும் கேட்கும்.

இதே குணத்தை இரைச்சலுக்கு எதிராகவும் பயன்படுத்தலாம். இன்றைய வீடுகளில் மத்திய அலைக்கு முதல் எதிரி தூரம் அல்ல, எல்.இ.டி. பல்பும் கைப்பேசி சார்ஜரும்தான். உள்ளே மின்னோட்டத்தை விநாடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டித் தருகிற சுற்று இருக்கிறது. தரக்குறைவானவற்றில் அந்த வெட்டு அப்படியே வானொலி இரைச்சலாக வெளியே கசியும். மின்னணு விசிறி ரெகுலேட்டர், இன்வெர்ட்டர், கேபிள் பெட்டியின் அடாப்டர் எல்லாம் இதே கூட்டம். சோதிப்பது சுலபம். ரேடியோவைப் பேட்டரியில் போட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணையுங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மெயினைப் போட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எது போட்டவுடன் 'கர்ர்' என்று எழுகிறதோ அதுதான். அதை மாற்ற முடியாவிட்டால் தண்டின் முனை அந்தப் பொருளை நோக்கும்படி செட்டைத் திருப்புங்கள்.

கான்கிரீட் வீட்டில் கூரையிலும் தூணிலும் உள்ள இரும்புக் கம்பி அலையைத் தடுக்கும். ஜன்னலோரமோ திண்ணையோதான் இடம். அதற்கும் வராத தூரத்தில் இருப்பவர்கள் உறைபோட்ட மெல்லிய கம்பி 10 மீட்டர் வாங்கி, தண்டு இருக்கும் பக்கமாகப் பெட்டியைச் சுற்றி ஐந்தாறு சுற்றுச் சுற்றி, ஒரு முனையை வெளியே மரத்துக்கு உயரமாக இழுத்துக் கட்டி, மறுமுனையை ஈரமண்ணில் ஊன்றிய இரும்புக் கம்பியில் முடியலாம். திறந்து சாலிடர் வைக்க வேண்டியதில்லை, பக்கத்தில் சுற்றுவதே போதும். இடி மின்னல் வரும் நாளில் மட்டும் கம்பியைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும்.

சூரியன் மறைந்த பிறகு மத்திய அலையின் நடத்தை மாறும். பகலில் வான்மண்டலத்தின் கீழடுக்கு ஒன்று இந்த அலைகளை உறிஞ்சிவிடுகிறது. இரவில் அந்த அடுக்கு கலைந்துவிடுவதால் தூரத்து நிலையங்கள் வானில் பட்டுத் திரும்பி வந்து அதே எண்ணில் மோதும். எனவே நிலையத்திலிருந்து தள்ளி இருப்பவர்களுக்குக் காலை ஒலிபரப்பு தெளிவாகவும் இரவு ஒலிபரப்பு ஏறி இறங்கியும் கேட்கும். இரவு நிகழ்ச்சிக்குத் தூரத்து ஊர்க்காரர்கள் செயலியை நம்புவதே நல்லது.

பண்பலையிலும் ஆகாசவாணி உண்டு. சென்னை ரெயின்போ 101.4 மெகாஹெர்ட்ஸ், கொடைக்கானல் 100.5, நாகர்கோவில் 101, தருமபுரி 102.5, காரைக்கால் 100.3. இவற்றில் கொடைக்கானலைத் தனியாகச் சொல்ல வேண்டும். பண்பலை பார்வைக் கோட்டில் செல்வது. 2,000 மீட்டருக்கு மேல் மலையுச்சியில் நின்று ஒலிபரப்புவதால் மதுரை, திண்டுக்கல், தேனி மட்டுமல்லாமல் அதற்கப்பாலும் அது எட்டுகிறது. பாட்டும் பேச்சும் கலந்து வரும். கைப்பேசியில் பண்பலை கேட்பவர்கள் கம்பி உள்ள இயர்போனைச் செருகியே ஆக வேண்டும், அந்தக் கம்பிதான் ஆன்டெனா. நீட்டு கம்பி உள்ள செட்டானால் முக்கால் மீட்டர் அளவுக்கு இழுத்து நிறுத்துங்கள். அலைநீளத்தின் கால்பங்கு அவ்வளவுதான் வரும். அதைவிட நீளம் வேண்டாம்.

மத்திய அலை ஒலிபரப்பிகள் சில இடங்களில் படிப்படியாக நிறுத்தப்பட்டுப் பண்பலைக்கு மாற்றப்பட்டு வருகின்றன. இத்தனையும் செய்தும் நண்பகலில்கூட எண் ஒலிக்காவிட்டால் செட்டைக் குறை சொல்லாமல் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் அதே நிலையம் ஒலிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். செயலியில் நிலையப் பெயரைத் தேடித் தொட்டால் நேரலை ஓடும். விநாடிக்கு 64 கிலோபிட் ஓட்டமானால் மணிக்கு 29 எம்.பி. அளவில் டேட்டா செலவாகும், இன்றைய தினசரி அளவில் அது பொருட்டே இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இணையவழி ஒலி, காற்றில் வருவதைவிடப் பல விநாடி பிந்தி வரும், சிலசமயம் அரை நிமிடம்கூட. மணியொலியைக் கேட்டுக் கடிகாரம் திருத்துவதை ரேடியோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி, என்ன வரப்போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது. ஒருகாலத்தில் 'வானொலி' என்ற இதழ் எல்லா நிலையங்களின் நிகழ்ச்சி நிரலையும் முன்கூட்டியே அச்சிட்டு வந்தது. எந்த நாள் எத்தனை மணிக்கு யார் பேசுகிறார், என்ன பொருள் என்று அதில் இருக்கும். அந்த இதழ் நின்ற இடத்தை இன்றுவரை வேறெதுவும் நிரப்பவில்லை. இந்தச் சேவையின் பெரிய குறை என்று ஒன்றைச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும். நல்ல உரையாளரை அழைத்து, பதிவுசெய்து, திருத்தி, ஒலிபரப்பி, ஆனால் அது வருகிறது என்று ஒருநாள் முன்னால் நேயரிடம் சேர்க்காவிட்டால் அத்தனை உழைப்பும் காற்றோடு போகிறது.

இருந்தாலும் வழி இருக்கிறது. காலை ஒலிபரப்பில் அன்றைய சிறப்பு நிகழ்ச்சிகளை அறிவிப்பாளர் வாசிப்பார். காலை 6.45 மாநிலச் செய்திக்கு முன்பின்னாக ரேடியோவை ஓடவிட்டு, ஒரு தாளில் நேரத்தைக் குறித்துக்கொள்வது இன்றும் நம்பகமான முறை. நிலையங்கள் நிகழ்ச்சிகளைக் காலாண்டுக் கணக்கில் திட்டமிடுவதால் தொடர் உரைகள் பெரும்பாலும் ஒரே கிழமை, ஒரே நேரத்தில் மூன்று மாதம் ஓடும். ஒரு தொடரை ஒருமுறை பிடித்துவிட்டால் அடுத்த வாரத்துக்குத் தேட வேண்டியதில்லை.

நாட்காட்டியும் பாதி நிரலைச் சொல்லிவிடும். தை 2 திருவள்ளுவர் நாள், ஏப்ரல் 29 பாரதிதாசன் பிறந்தநாள், டிசம்பர் 11 பாரதி பிறந்தநாள் ஆகியவற்றை ஒட்டி இலக்கிய உரைகள் கூடும். மார்கழி விடியலில் திருப்பாவை, திருவெம்பாவை. குடியரசு நாளுக்கு முந்தைய இரவில், ஜனவரி 25-இல், பல இந்திய மொழிக் கவிஞர்கள் கூடும் சர்வபாஷா கவி சம்மேளனம். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். ஆகஸ்ட் 1 முதல் 7 வரை தாய்ப்பால் வாரம். நவம்பர் 14 குழந்தைகள் நாள். ஜூன் 12-இல் இரண்டு பொருள் மோதும்: மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளும் அதுவே, குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாளும் அதுவே. அன்று காலை முதல் இரவு வரை திருச்சியைத் திருப்பி வைத்தாலே இந்தச் சேவையின் அகலம் புரிந்துவிடும்.

இலக்கியத்தில் ஆகாசவாணிக்கு ஆழமான வேர் உண்டு. சென்னை நிலையம் 1938 ஜூன் 16-இலும் திருச்சி நிலையம் 1939 மே 16-இலும் தொடங்கியவை. தி. ஜானகிராமன், அகிலன், மீ.ப. சோமு போன்ற எழுத்தாளர்கள் அங்கே பணியாற்றியவர்கள். அதனால் 'காதுக்கு எழுதுவது' என்பது ஒரு தனிக் கலையாகவே அங்கே வளர்ந்தது. நல்ல வானொலி உரையை ஒரு நிமிடத்தில் அடையாளம் காணலாம். வாக்கியம் சிறியது. எழுவாய் தொலைந்துபோகாது. பெயரைச் சொன்னால் இரண்டாம் முறையும் பெயரைச் சொல்வார்கள். "அவர்", "இவர்" என்று ஓட்டமாட்டார்கள், கேட்பவரால் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாதல்லவா. பத்து நிமிட உரைக்கு ஏறக்குறைய 900 சொல். கல்லூரிக் கட்டுரையைக் கொண்டுவந்து இரண்டாயிரம் சொல்லை விரட்டிப் படிப்பவர் மூன்றாம் நிமிடமே மூச்சு வாங்குவார்.

பழம்பாட்டைச் சொல்லும்போது இந்த வேறுபாடு இன்னும் துலங்கும். சங்கப் பாட்டில் "பெயனீர்" என்று வரும் சொல், அச்சில் கண்ணுக்குப் பழகினவருக்குத் தொல்லையில்லை. காதில் விழும்போது அது பெயரா, நீரா என்று ஒரு கணம் மனம் தடுமாறும். அந்தக் கணத்தில் அடுத்த அடி போய்விடும். தெரிந்தவர் முதலில் பாட்டைச் சீராகப் படிப்பார். பிறகு "பெயல் நீர், மழையாகப் பெய்த நீர்" என்று பிரித்துக் கொடுப்பார். மூன்றாவதாக மறுபடியும் பாட்டைப் படிப்பார். அந்த மூன்றாம் வாசிப்பில் பாட்டு முழுசாகத் திறந்துகொள்ளும். இதைச் செய்கிற உரையாளர்கள் ஆகாசவாணியில் இன்றும் இருக்கிறார்கள். அதனால்தான் இலக்கிய உரைகளுக்கு முதலிடம் தருகிறோம். குறை என்றால் நினைவுநாள் உரைகளில்தான்: பிறந்த ஊர், பெற்றோர் பெயர், பெற்ற விருது என்று பட்டியலிலேயே ஐந்து நிமிடம் போய்விடுகிறது. ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு அதற்குள்ளேயே நின்றிருந்தால் கவிஞர் நினைவில் நின்றிருப்பார்.

பருவகால நிகழ்ச்சிகளில் இந்தச் சேவைக்கு ஈடு இல்லை. 1966-இல் பண்ணை, இல்லம் பிரிவுகள் தொடங்கிய காலத்தில் திருச்சி நிலையம் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல்லைப் பற்றி விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. எப்போது விதைப்பது, எத்தனை நாளில் நடுவது என்று கேட்டுக் கேட்டுப் பயிரிட்ட தஞ்சை மாவட்டத்து உழவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். 'இன்று ஒரு தகவல்' சொன்ன தென்கச்சி கோ. சுவாமிநாதனும் வேளாண்மை படித்து, திருநெல்வேலி நிலையத்தின் பண்ணை நிகழ்ச்சியில் பேசிப் பழகியவர்தான். உழவரிடம் பேசிய நாக்கு அது. அவருடைய சில நிமிடத் தகவல் ஊரெல்லாம் ஒலித்ததற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

வேளாண் நிகழ்ச்சியைக் கேட்கும்போது கையில் நோட்டும் பேனாவும் கட்டாயம். அளவில்தான் தவறு நடக்கும். பரிந்துரைகள் பெரும்பாலும் எக்டேர் கணக்கில் இருக்கும். ஒரு எக்டேர் 2.47 ஏக்கர். "எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து" என்று நிபுணர் சொன்னால் ஏக்கருக்கு ஏறக்குறைய 60 கிலோ. அது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், யூரியா அல்ல. யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடுதான். ஆகவே 60 கிலோ தழைச்சத்துக்கு 130 கிலோ யூரியா வேண்டும். அதையும் ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போட வேண்டும். "அறுபது கிலோ" என்பது மட்டும் காதில் தங்கி, அறுபது கிலோ யூரியா போட்டால் பாதிச் சத்துதான் போயிருக்கும். டெல்டாவில் கணக்கு 'மா'வில் ஓடுகிறது, மூன்று மா ஒரு ஏக்கர். நல்ல நிகழ்ச்சித் தயாரிப்பாளர் நிபுணரை நிறுத்தி, "அப்படியென்றால் ஒரு மாவுக்கு எத்தனை கிலோ யூரியா?" என்று கேட்டு வாங்குவார். இந்த ஒரு கேள்வி கேட்கப்படுகிறதா என்பதை வைத்தே ஒரு பண்ணை நிகழ்ச்சியின் தரத்தை எடைபோடலாம். எக்டேர் கணக்கிலேயே தொடங்கி எக்டேரிலேயே முடிகிற நிகழ்ச்சி வயலுக்குப் போய்ச் சேராது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வானிலை அறிக்கையும் மீனவர் எச்சரிக்கையும் முக்கியம். "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும்" என்று வாசிப்பதில் படகுக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டியது கடைசி எண்ணை. கடலில் கவிழ்ப்பது சராசரிக் காற்றல்ல, அந்த இடையிடைக் காற்று. அடுத்துக் கவனிக்க வேண்டியது பகுதியின் பெயர்: மன்னார் வளைகுடாவா, குமரிக்கடலா, தென்மேற்கு வங்கக்கடலா. இந்தப் பெயர்களை வாசிப்பவர் நிறுத்தி, இரண்டு முறை சொல்ல வேண்டும். மழைநாளில் மத்திய அலையில் 'படபட'வென்று வெடிப்பொலி வரும், அது மின்னலின் அலை. அந்த வெடிப்பில் ஒரு பெயர் விழுங்கப்பட்டால் இரண்டாம் வாசிப்புதான் காப்பாற்றும். புயலில் மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் விழுந்த ஊர்களில் பேட்டரி ரேடியோ ஒன்றே செய்தி தரும். அக்டோபர் பிறக்குமுன் புது பேட்டரி ஒரு ஜோடி உறை பிரிக்காமல் வாங்கி வைத்துவிடுங்கள். பழைய செல்லைச் செட்டுக்குள்ளேயே மாதக்கணக்கில் விட்டால் நீர் கசிந்து தகட்டை அரித்துவிடும்.

மீனவர்களுக்கென்றே பாம்பனில் 'கடல் ஓசை' 90.4 சமுதாய வானொலி 2016 முதல் இருக்கிறது. சமுதாய வானொலிகளுக்கு 100 வாட் அளவே அனுமதி என்பதால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரோடு சரி. ஆனால் அந்த வட்டத்துக்குள் அவர்களுடைய பேச்சுமொழியிலேயே காற்றும் மீனும் பேசப்படுகின்றன. பெரிய நிலையங்கள் இதைக் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம்.

தொழில்நுட்ப நிகழ்ச்சிகளுக்கு அதிக இடம் தர மனமில்லை. விண்வெளி, மருத்துவக் கருவி, வேளாண் இயந்திரம் என்றால் நன்றாகவே போகிறது, அவற்றைக் கதையாகச் சொல்ல முடியும். கைப்பேசி, இணையப் பணப் பரிமாற்றம் என்று வந்தால் தடுக்கி விழுகிறது. திரையைக் காட்ட முடியாத ஊடகத்தில் "அந்த ஆப்ஷனைக் கிளிக் செய்து உள்ளே போய்" என்று சொன்னால் என்ன விளங்கும்? "திரையின் மேலே, வலது மூலையில், ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று புள்ளி இருக்கும், அதைத் தொடுங்கள்" என்று இடத்தைச் சொல்ல வேண்டும். ஒரு நிகழ்ச்சிக்கு மூன்று படிக்கு மேல் வேண்டாம். இணைய மோசடி பற்றிய நிகழ்ச்சிகள் மட்டும் தவறாமல் கேட்கத் தக்கவை: ஓ.டி.பி. சொல்லாதே என்பதோடு நில்லாமல், பணம் போனவுடன் 1930 என்ற எண்ணுக்கு அழைக்கச் சொல்கிறார்கள். அதையும் "ஒன்று, ஒன்பது, மூன்று, பூஜ்யம்" என்று ஒவ்வொரு இலக்கமாகச் சொல்கிறபோதுதான் நிற்கிறது. சென்னையில் கிண்டி வட்டாரத்தில் இருப்பவர்கள் 2004-இல் தொடங்கிய அண்ணா பல்கலைக்கழகச் சமுதாய வானொலியை 90.4-இல் திருப்பிப் பார்க்கலாம். அறிவியலை அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் புரியும் தமிழில் சொல்லிப் பழகிய இடம் அது.

குழந்தைகளுக்கான நிகழ்ச்சி, குழந்தை நலனுக்கான நிகழ்ச்சி இரண்டும் வேறு. முதலாவதில் ஆகாசவாணிக்கு நல்ல பேர் உண்டு. 'பாப்பா மலர்', 'சிறுவர் சோலை' எல்லாம் ஒரு தலைமுறையின் ஞாயிற்றுக்கிழமைகள். 'வானொலி அண்ணா' என்று பிள்ளைகள் கூப்பிட்ட கூத்தபிரானின் குரலில் அதட்டல் இருக்காது. பிள்ளை தடுமாறினால் காத்திருப்பார், வார்த்தையை எடுத்துக் கொடுக்கமாட்டார். இன்றைய சிறுவர் நிகழ்ச்சிகளில் கேட்டுப் பார்க்க வேண்டியது அதைத்தான். மனப்பாடம் செய்த பேச்சை ஒப்பிக்கிற குழந்தையின் குரலும், தானாகப் பதில் சொல்கிற குழந்தையின் குரலும் வானொலியில் மறைக்கவே முடியாது. ஒப்பிக்கிறபோது மூச்சு தவறான இடத்தில் விழும்.

குழந்தை நல நிகழ்ச்சிகளில் தாய்ப்பால், தடுப்பூசி, சத்துணவு பற்றிய மருத்துவர் நேர்காணல்கள் வலுவானவை. இங்கும் சிக்கல் அளவுதான். வயிற்றுப்போக்குக்கு உப்புச்சர்க்கரைக் கரைசலை எடுத்துக்கொள்வோம். "ஒரு பாக்கெட்டைத் தண்ணீரில் கலக்குங்கள்" என்று சொல்லி விட்டுவிட்டால் ஆபத்து. கடையில் ஒரு லிட்டருக்கான பாக்கெட்டும் இருக்கிறது, 200 மில்லிக்கான சிறிய பாக்கெட்டும் இருக்கிறது. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு மிஞ்சிப் பிள்ளைக்குத் தீங்காகும். பாக்கெட்டின் மேலே எத்தனை மில்லி என்று பார்க்க வேண்டும், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் வேண்டும், கலக்கியதை 24 மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது, கூடவே மருத்துவர் சொன்ன துத்தநாக மாத்திரையை நின்றவுடன் நிறுத்தாமல் 14 நாள் கொடுக்க வேண்டும். இந்த நான்கையும் சொல்லி, முடிவில் நேர்காணல் செய்பவர் திரும்ப ஒருமுறை வாசித்தால்தான் அந்த நிகழ்ச்சி முழுமை.

குழந்தைகள் மீதான வன்முறை பற்றிய உரையாடல்கள் முன்பைவிட வெளிப்படையாக வருவது மிக நல்ல மாற்றம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டமும் 2015-இன் சிறார் நீதிச் சட்டமும் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்கின்றன. வானொலிக்கு ஒன்று கூடுதல்: குரலும் அடையாளம்தான். ஊர்க்காரர்கள் ஒரு சொல்லில் கண்டுபிடித்துவிடுவார்கள். நேரலைத் தொலைபேசி நிகழ்ச்சியில் யாராவது ஒரு தெருவையோ பள்ளியையோ சொல்லத் தொடங்கினால் தொகுப்பாளர் அந்த நொடியே குறுக்கிட வேண்டும். அந்தக் குறுக்கீட்டை மரியாதைக் குறைவு என்று நேயர்கள் நினைக்க வேண்டாம், அது அந்தப் பிள்ளைக்காக. 1098 என்ற உதவி எண்ணை நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் சொல்லவேண்டும். நடுவில் ரேடியோவைத் திருப்பியவருக்கு எண் கிடைக்காமல் போய்விடக் கூடாது.

தவறவிட்ட நிகழ்ச்சியைத் திரும்பக் கேட்கச் சில நிலையங்களின் யூடியூப் பக்கங்கள் உதவும். ஆனால் எல்லா உரையும் அங்கே ஏறுவதில்லை. வேண்டியதை நாமே பதிவுசெய்து வைத்துக்கொள்வதுதான் உறுதி. ரேடியோவின் இயர்போன் துளையிலிருந்து கைப்பேசிக்குக் கம்பி போட்டுப் பதிவு செய்பவர்கள் ஒலியளவைக் கால்பங்குக்குமேல் வைக்க வேண்டாம். மைக் துளை மிக மெல்லிய ஒலிக்காகச் செய்யப்பட்டது, அதிகம் போனால் குரல் கிழிந்து பதிவாகும். கைப்பேசியில் இயர்போன் துளையே இல்லாவிட்டால் ரேடியோவின் ஸ்பீக்கருக்கு முன் ஒரு சாண் தள்ளிக் கைப்பேசியை வைத்துப் பதிவுசெய்தாலும் பேச்சுக்குப் போதுமானது. கைப்பேசி சார்ஜில் இருக்கக் கூடாது, மேலே சொன்ன இரைச்சல் வந்துவிடும். பதிவுக்கு நாள், நிலையம், உரையாளர் என்று பெயரிட்டு வையுங்கள்.

மறுஒலிபரப்புக் கேட்டு நிலையத்துக்கு எழுதுவதாக இருந்தால் "நல்ல நிகழ்ச்சி, மீண்டும் போடவும்" என்று மட்டும் எழுதாதீர்கள். ஒலிபரப்பான நாள், நேரம், அலை எண், தலைப்பு, உரையாளர் பெயர், எந்தப் பகுதி பயன்பட்டது, எங்கே ஒலி தெளிவாக இல்லை என்று ஓர் அஞ்சலட்டை அளவில் எழுதி, நிலைய இயக்குநர் பெயரிட்டு அனுப்புங்கள். நாளும் நேரமும் இருந்தால்தான் பதிவைத் தேடி எடுக்க முடியும். நேயர் கடித நிகழ்ச்சியில் உங்கள் கடிதம் வாசிக்கப்பட்டால் பதிலும் அங்கேயே கிடைக்கும், அதையும் கேட்கத் தவறாதீர்கள்.